புதுவைச் சூழலும் பாரதிதாசனாரின் சமுதாயத் திறனாய்வும்

பாரதிதாசனாரைப் பற்றி எழுந்த நூல்களும் கட்டுரைகளும் பல. அவற்றுள் ஒரு சாரன அவரைப் பாரதியாரின் மாணவராகக் காண்பன. மற்றொரு சாரன தன்மதிப்பு இயக்கத்தின் கவிஞராகக் காண்பன. இவ்விரு நோக்கும் உண்மையின்பாற்பட்டனவே. எனினும், அவர் புதுவை நகரத்தவர் என்பதும், முப்பத்தேழு ஆண்டுகள் பிரெஞ்சு அரசினரின் பள்ளிகளில் தமிழாசிரியராய் இருந்தவர் என்பதும் வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக வந்து போகின்றனவேயன்றி, அவர்தம் கவிதையை விளக்கும் கருவியாகக் கொள்ளப்படுவது அரிதாகவே உள்ளது. அவ்வாறு கொண்டால் விளங்குவன யாவை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவர் பாட்டு இயக்கத்தின் குரலேயன்றிக் கவிதை அன்று என்று கூறுவார் இன்றும் உளர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதும் இடையே ஆராயப்படும்.

கனகசபை முதலியாருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாக 1891ஆம் ஆண்டு ஏப்பிரல் 29ஆம் நாள் புதுவையில் பிறந்தவர் சுப்புரத்தினம். தந்தையார் வணிகர். அக்காலத்துப் புதுவை, கால்வாய் ஒன்றினால் இரு கூறாகப் பிரிந்த நகரம். கடலை ஒட்டிய பகுதி வெள்ளையர் வாழ்ந்த இடம். கால்வாய்க்கு மேற்கே தமிழர் வாழ்ந்த தெருக்கள். பெருமாள் கோயில் வீதியும் ஈசுவரன் தர்மராசா கோயில் வீதியும் மேற்குப் பகுதியின. முன்னது நம் கவிஞர் வாழ்ந்த வீதி. பின்னது பாரதியார் குடியிருந்த வீதி. சுப்புரத்தினம் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பள்ளியில் பயின்றார். பின்னர்த் தமிழின்பால் உள்ளம் சென்றது. திருப்புளிசாமி ஐயர், பங்காரு பத்தர், பு. அ. பெரியசாமிப் பிள்ளை ஆகியோரிடம் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். கல்வே சுப்பராயச் செட்டியாரின் பெயர் தாங்கிய கல்வே கல்லூரியில் தமிழ்ப் புலமைத் தேர்வில் சிறந்து விளங்கி, 1909ஆம் ஆண்டு, பதினெட்டாம் அகவையிலேயே, காரைக்காலைச் சார்ந்த நிரவியில் ஆசிரியர் பணி ஏற்றார். 1946இல் ஓய்வு பெறுங்காறும் அப்பணியே அவர்தம் பிழைப்பு.

இவ்விடத்தில் புதுவையின் அரசியல் நிலையைச் சிறிது நினைவுகொள்ளுதல் வேண்டும். சென்னை மாகாணத்தில் ஆங்கில முடியரசு நிலவிய காலத்தில், புதுவையில் நிலவியது குடியரசு ஒன்றின் ஆட்சி. உரிமை, சமன்மை, உடன்பிறப்பு என்னும் மூன்று சொற்கள் அவ்வரசின் குறிக்கோள்கள். 1871 முதல் ஆடவர் வாக்களிக்கும் முறை அங்கு நடைமுறையில் இருந்தது. 1881ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, தத்தம் குல வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்கும் உரிமையை மக்கட்கு அளித்தது. பொன்னுத்தம்பிப் பிள்ளை போன்றோர் அவ்வாறு துறந்து, லாபோர்த் எனப் புதிய குடிப்பெயரும் புனைந்தனர். வழிவழி வந்த வழக்கத்தைக் கையொப்பம் ஒன்றினால் துறக்கலாகும் என்பதைத் தமிழ் மக்கள் கண்முன்னே கண்ட ஊர் புதுவை. ஆயினும் அவ்வூரின் தேர்தல்கள் அடிதடிக்கும் சாதிக் கட்சிக்கும் பெயர் பெற்றவை. வாக்குரிமை இருந்தது, அதனை ஆண்டவர் சிலரே. சொல்லில் சமன்மையும் தெருவில் ஏற்றத்தாழ்வும் ஒருங்கே நின்ற இந்நிலையே, சொல்லுக்கும் செயலுக்கும் இடையே உள்ள பிளவைக் காணும் கண்ணைக் கவிஞருக்குத் தந்தது என்று கருதலாம்.

பிரெஞ்சு எல்லை தந்த பாதுகாப்பை நாடியே பாரதியார் 1908இல் புதுவை வந்தார். 1918 நவம்பர் வரை அங்கு உறைந்தார். கொட்டடி வாத்தியார் எனப்பட்ட வேணு நாயக்கர் இல்லத் திருமணத்தில், எதிரே இருப்பவர் பாரதியார் என்றறியாமல் அவர் பாடலையே சுப்புரத்தினம் பாடிய நிகழ்ச்சியைக் கவிஞரே பலகால் கூறியுள்ளார். பின்னர் நண்பர்கள் வேண்டப் பாரதியார் முன்னிலையில் அவர் பாடிய பாடலைப் பாரதியாரே தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் பாடியது என்னும் குறிப்புடன் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். இந்நிகழ்ச்சிகளை அறியாதார் இலர். ஆதலின் விரித்தல் வேண்டா. பாரதியாரிடம் அவர் பெற்றது யாது என்பதே நாம் காண வேண்டுவது.

இலக்கணப் புலமையைப் பாரதியாரிடம் அவர் பெறவில்லை. அப்புலமை முன்னரே அவரிடம் நிரம்பியிருந்தது. புலவர்க்குரிய கடின நடையும் அவரிடம் இருந்தது. அந்நடையை நீக்கி, பேசும் மக்கள் செவிக்கு எட்டும் வகையில் யாப்பை இயக்கும் முறையையே அவர் பாரதியாரிடம் கற்றார். சாதி வேறுபாடு பாராத வாழ்க்கையையும் அவரிடமே கண்கூடாகக் கண்டார். தன்மதிப்பு இயக்கத்தார் சிலர் பிற்காலத்தில், பார்ப்பனர் ஒருவருக்குத் 'தாசன்' எனப் பெயர் தாங்குவது தகுமோ என வினவியபோது, சாதியை உண்மையாகவே எதிர்த்து நின்றவர் பாரதியார் எனக் கூறி, அப்பெயரை அவர் விடாதிருந்தார். வடசொல்லை விலக்கத் தலைப்பட்ட காலத்தும், கடவுட் கொள்கையைக் கைவிட்ட காலத்தும், வடசொல்லாகிய அப்பெயர் நிலைத்து நின்றது. 1935ஆம் ஆண்டு அவர் நடத்திய கவிதை இதழுக்கு 'ஸ்ரீ சுப்ரமண்ய பாரதி கவிதா மண்டலம்' என்பது பெயர். பகுத்தறிவுக் கொள்கையை அவர் முழுமையாக ஏற்றுச் சில ஆண்டுகள் சென்ற பின்னரே இவ்விதழ் தோன்றிற்று என்பது நோக்கத்தக்கது. கொள்கை வேறு, நன்றி வேறு எனப் பிரித்து, இரண்டையும் ஒருங்கே காத்தமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இனி, கொள்கை மாற்றம் நிகழ்ந்த காலத்தை நோக்குவோம். 1926இல் வெளிவந்தது 'மயிலம் ஸ்ரீ சுப்பிரமணியர் துதியமுது'. பெயரே அதன் பொருளை உணர்த்தும். 1928ஆம் ஆண்டளவில் பெரியாரின் இயக்கத்தில் கவிஞர் ஈடுபட்டார். 1930ஆம் ஆண்டில் வெளிவந்த சிறு நூல்களை ஒருங்கே வைத்துப் பார்ப்போர் வியப்படைவர். ஒரு புறம் 'கதர் இராட்டினப் பாட்டு', 'சிறுவர் சிறுமியர் தேசிய கீதம்'. மறுபுறம் 'தாழ்த்தப்பட்டோர் சமத்துவப் பாட்டு', 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்'. கதரைத் தோளில் சுமந்து விற்ற தொண்டரும், புராணப் பேச்சை எள்ளி நகையாடிய சீர்திருத்தரும் ஒரே ஆண்டில் ஒரே மனிதராய் நிற்கின்றனர். முருகனைப் பாடிய புலவர் ஓரிரவில் நாத்திகரானார் என்று கதைபோலச் சொல்வதினும், நாட்டுணர்ச்சியும் சமன்மையுணர்ச்சியும் அவருள்ளத்தில் சில காலம் அடுத்தடுத்து இருந்து, பின்னர் இரண்டாவது முதலாவதனை விஞ்சிற்று என்று கொள்வதே பொருத்தமாகும். அதே 1930இல் தோன்றிய 'புதுவை முரசு' என்னும் இதழ் இம்மாற்றத்திற்குக் களமாயிற்று.

அரசுப் பணியில் இருப்பவர் இவ்வாறு எழுதுதல் எளிதன்று. கிறுக்கன், கிண்டல்காரன், கண்டெழுதுவோன் முதலிய புனைபெயர்கள் அவருக்கு இருந்தமையை விளையாட்டாகக் கருதுவோர் உளர். மாதச் சம்பளம் பெறும் ஆசிரியர், தம் ஊர்ப் பெரியோரையும் கோயிலையும் ஆட்சியையும் குறித்து எழுதுங்கால் பெயரை மறைத்தல் இயல்பேயாகும். இப்பெயர்களில் கிண்டலும் கிறுக்கும் இருத்தலையும் நோக்குக. நேரே சொன்னால் தண்டனைக்குரியதாகும் சொல்லை நகைச்சுவையாகச் சொல்லித் தப்பும் கலை, நம் கூத்துக் கோமாளிகளிடம் நெடுங்காலமாய் இருந்து வருவதே.

இக்கலையின் முதற்பெரும் வெற்றி 'சஞ்சீவி பர்வதத்தின் சாரல்'. குப்பன் என்பானும் வஞ்சி என்பாளும் காதலர். மலைச்சாரலில் இரு மூலிகைகள் உண்டு என்றும், அவற்றைப் பெற வேண்டும் என்றும் வஞ்சி விரும்புகின்றாள்; குப்பன் அவளை அழைத்துச் செல்லத் தயங்குகின்றான். மூலிகையை உண்ட அளவில், உலகின் பல நாட்டார் பேசும் பேச்சும் அவர்தம் செவியில் விழுகின்றது. பிற நாட்டார் தம் நாட்டு நிலையும் மாந்தர் சமன்மையும் பேசக் கேட்ட பின்னர், தம் நாட்டின் பேச்சு கேட்கின்றது. அது காலட்சேபம்! அனுமன் மலையைப் பெயர்க்கும் செய்தியைக் கேட்ட குப்பன், தான் நிற்கும் மலையே பெயர்க்கப்படுவதாக எண்ணி நடுங்குகின்றான். இறுதியில் கதை சொன்னவர் பொருள் பெற்றுச் செல்லுதல் தெரிய வருகின்றது. அவனைத் தேற்றித் தெளிவிப்பவள் வஞ்சி.

இக்கதையமைப்பில் மூன்று செய்திகள் உள. புராண அனுமனை மறுப்பதற்குப் புராண மலையையே நிலைக்களமாகக் கொண்டமை ஒன்று. மந்திர மூலிகை என்பது பழங்கதைகளில் வருவது. அதனைக் கொண்டே பழங்கதையை உடைக்கின்றார். அறிவுடையவள் பெண்ணாகவும் அஞ்சுபவன் ஆணாகவும் படைத்தமை மற்றொன்று. பெண்கல்வி பற்றித் தனியே ஒரு சொற்பொழிவு அங்கு வேண்டப்படவில்லை. பிற நாட்டுக் குரல்களைக் கேட்கச் செய்தமை மூன்றாவது. கப்பல் வந்து செல்லும் துறைமுக நகரில், பிரெஞ்சு நாளேடும் பிரெஞ்சுப் பேச்சும் பழகிய ஊரில் வாழ்ந்தவருக்கு, உலகத்தை ஒரு செவியிலும் உள்ளூர்க் கதாகாலட்சேபத்தை மறு செவியிலும் கேட்டல் அன்றாட நிகழ்ச்சி. மூலிகை கற்பனை, அது தந்த பட்டறிவு புதுவை வாழ்வு.

'புரட்சிக்கவி' 1937இல் வெளிவந்தது. வடமொழிப் பில்கணீயக் கதையைத் தழுவியது இது. அரசன் மகள் அமுதவல்லிக்குக் கவிதை கற்பிக்க உதாரன் என்னும் இளங்கவிஞன் அமர்த்தப்படுகின்றான். இருவரும் ஒருவரையொருவர் காணாதிருக்க இடையே திரை. உதாரன் குருடன் என அவளிடமும், அவள் தொழுநோயினள் என அவனிடமும் பொய் கூறப்படுகின்றது. முழுநிலவு நாளில் நிலவைக் கண்டு அவன் பாடுகின்றான். குருடன் நிலவை இவ்வாறு பாடுதல் எங்ஙனம் என ஐயுற்று அவள் திரையை விலக்குகின்றாள். இதுவரை பழங்கதையும் புதுக்கதையும் பெரும்பாலும் ஒன்றே. கொலைத் தண்டனை பெற்ற பின் நிகழ்வதிலேதான் வேறுபாடு. பழங்கதையில் கவிஞனின் பாட்டு அரசன் மனத்தை இளக்குகின்றது, அரசன் மன்னிக்கின்றான், மருமகனாக ஏற்கின்றான். பாரதிதாசனாரின் உதாரன் அரசனை நோக்கிப் பேசவில்லை. கொலைக்களத்தில் திரண்ட மக்களை நோக்கிப் பேசுகின்றான். காட்டைத் திருத்திக் கழனியாக்கியவரும் ஊரை ஆக்கியவரும் யாவர் என வினவுகின்றான். மக்கள் எழுகின்றனர், அரசு மக்களுடையதாகின்றது.

கவிதை எவரை முன்னிலைப்படுத்திப் பேசுதல் வேண்டும் என்னும் வினாவிற்கு இது விடையாகும். நெடுங்காலம் தமிழ்ப் புலவர் பாட்டின் முன்னிலை புரவலன். தனிப்பாடற் காலத்தில் அந்நிலை இரத்தலாகவும் இழிந்தது. பழங்கதையில் உள்ள பில்கணனும் அரசன் அருளால் உயிர் பிழைத்தவனே. உதாரனோ அவ்வருளை வேண்டாதவன். முன்னிலையை அரசனிலிருந்து மக்களுக்கு மாற்றிய அளவில் கதையின் முடிவே மாறிவிடுகின்றது. இம்மாற்றத்தைக் கொள்கைப் பிரசாரம் எனத் தள்ளுதல் ஆகாது. இது கதையின் உள்ளமைப்பில் நிகழ்ந்த மாற்றம். மேலும், நிலவைப் பாடும் பகுதியைப் படித்தவர் எவரும், இவர் அழகுணர்ச்சி குன்றியவர் எனக் கூறத் துணியார். அந்நிலவுப் பாட்டே கதையைத் திருப்பும் நிகழ்ச்சியாகவும் இருத்தலின், அழகும் கொள்கையும் அங்கு இரு வேறு உறுப்புகளாய் நிற்கவில்லை.

நூல் வெளிவந்த காலமும் கருதத்தக்கது. 1936 சூலை 30ஆம் நாள் புதுவைச் சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது, பன்னிருவர் மாண்டனர். அடுத்த ஆண்டில் எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. உதாரன் கதை அந்நிகழ்ச்சியிலிருந்து பிறந்தது என்று கூறுதல் மிகையாகும். ஆயின் 1937இல் அந்நூலைக் கையில் எடுத்த புதுவைத் தொழிலாளி, அரசன் ஆணையையும் திரண்ட மக்களையும் படித்தபோது எதனை நினைத்திருப்பான் என்று கூறவும் வேண்டுமோ? சமன்மையைக் குறிக்கோளாகக் கொண்ட குடியரசே சுட்டது என்பதை அவன் மறந்திருக்க இயலாது.

1938ஆம் ஆண்டு குஞ்சிதம் குருசாமி அம்மையார் முயற்சியால் 'பாரதிதாசன் கவிதைகள்' முதல் தொகுதி வெளிவந்தது. அதுவரை புதுவைக்கும் இயக்க இதழ்களுக்கும் உரியவராய் இருந்த கவிஞர், அத்தொகுதிக்குப் பின்னர்த் தமிழகம் முழுமைக்கும் உரியவரானார். 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' என்னும் நாடகம் 1934லேயே பெரியார் முன்னிலையில் நடிக்கப்பெற்றது. 'எதிர்பாராத முத்தம்', 'பாண்டியன் பரிசு', 'குறிஞ்சித்திட்டு' முதலிய கதைக் காப்பியங்கள் அடுத்தடுத்து வந்தன. இவற்றுள் முதலாவது 1950இல் 'பொன்முடி' என்னும் திரைப்படமாயிற்று. இவை பற்றிப் பிறர் விரிவாக எழுதியுள்ளனர். 'சேரதாண்டவம்' போன்ற நாடகங்களைவிட அவர்தம் பாட்டுக் கதைகளே உயர்ந்தவை என்பது எம் கருத்து.

'குடும்ப விளக்கு' தனியே ஆராயத்தக்கது. ஒருநாள் நிகழ்ச்சி, விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு, முதியோர் காதல் என ஐந்து பகுதிகளை உடையது இந்நூல். இதன் தலைவி தங்கம் விடியலில் எழுகின்றாள்; கோலமிடுகின்றாள்; சமைக்கின்றாள்; பிள்ளைகளைப் பேணுகின்றாள்; மாமன் மாமியர்க்குப் பணி செய்கின்றாள். கைம்மைக் கொடுமையையும் குழந்தை மணத்தையும் கடிந்து, பெண் உரிமை பாடிய கவிஞர், பெண்ணை மீண்டும் அடுக்களையில் நிறுத்திவிட்டாரே என்பது திறனாய்வாளர் சிலர் கூறும் குறை. இக்குறையை எளிதில் ஒதுக்குதல் நேர்மையன்று; தங்கத்தின் நாள் முழுவதும் உழைப்பாகவே கழிகின்றது என்பது உண்மை. ஆயினும் அத்தங்கம் கணவன் மணவழகனை உணவுண்ண அனுப்பிவிட்டு, அவன் கடையில் அமர்ந்து வாணிகமும் நடத்துகின்றாள். இரவில் வேலை முடிந்த பின்னர், நம் வீட்டு நலனையே கருதினோம், பொதுநலத்திற்கு யாது செய்தோம் என்று கணவனைக் கேட்பவளும் அவளே. இவ்வினா மணவழகன் வாயிலிருந்து வந்திருப்பின், நூல் மனையறம் கூறும் பழைய நூல்களுள் ஒன்றாய் முடிந்திருக்கும். குடும்பத்தின் மனச்சான்றாகப் பெண்ணை வைத்தாரேயன்றி, வீட்டு வேலையை ஆணுக்குப் பகிர்ந்தளிக்கும் அளவிற்கு அவர் செல்லவில்லை. அவர் காலத்தின் எல்லை அது.

இதற்கு மறுதலையாய் அமைந்த 'இருண்ட வீடு' கல்வியில்லாக் குடும்பத்தின் ஒழுங்கின்மையை நகைச்சுவையாய்த் தொடங்கி அவலமாய் முடிக்கின்றது. விடிந்தும் எழாத தலைவியையும் தூய்மையற்ற வீட்டையும் படித்துச் சிரித்தவர், நூலை முடிக்குங்கால் சிரிப்பை மறந்துவிடுவர். ஆசிரியர் ஒருவரின் கண் இந்நூலில் நன்கு தெரிகின்றது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளை முப்பத்தேழு ஆண்டுகள் நோக்கியவர், அப்பிள்ளைகள் எத்தகைய வீட்டிலிருந்து வருகின்றனர் என்பதை முகம் நோக்கியே அறிந்திருப்பார். அவர்தம் சமுதாயத் திறனாய்வில் அடிக்கடி தோன்றும் வேகம், மேடைப் பேச்சாளரின் வேகம் மட்டுமன்று. பாடத்தை மீண்டும் மீண்டும் சொல்லியும் கேளாத வகுப்பை நோக்கிய ஆசிரியரின் பொறுமையின்மையும் அதில் கலந்துள்ளது. சில இடங்களில் அது கவிதைக்குக் கேடாகவும் அமைந்துவிடுகின்றது. ஒரு கருத்தைப் படிமத்தால் உணர்த்திய பின்னரும், உணர்ந்தனரோ இல்லையோ என ஐயுற்று, வெளிப்படையாகவும் கூறிவிடும் வழக்கம் அவரிடம் உண்டு. இயக்கப் பாடல்கள் சிலவற்றில் இக்குறை மிகுதி.

'அழகின் சிரிப்பு' அக்குறையற்றது. அழகு, கடல், தென்றல், காடு, குன்று, ஆறு எனத் தொடங்கிப் பட்டணம், தமிழ் என முடியும் பதினாறு தலைப்புகளில் பெரும்பாலும் அறுசீர் விருத்தங்களால் இயன்ற நூல் அது. ஆலமரத்திற்கும் புறாவிற்கும் கிளிக்கும் இருளுக்கும் அதில் தனித்தனி இடம் உண்டு. இயற்கையின் வரிசையில் சிற்றூரையும் பட்டணத்தையும் வைத்தமை, மக்கள் உழைப்பால் ஆகியவற்றையும் அழகென்று எண்ணும் உள்ளத்தைக் காட்டும். கடற்கரை நகரத்தார் இயற்கையின் வரிசையைக் கடலிலிருந்து தொடங்குதல் இயல்பே.

'தமிழியக்கம்' 1945இல் வெளிவந்தது. வணிகர், கோயிலார், இசைவாணர், இதழாசிரியர், மாணவர் எனப் பலரையும் தனித்தனி விளித்துத் தமிழைப் பேணுமாறு கேட்பது அந்நூல். கடைத்தெருவில் பெயர்ப்பலகை தமிழில் இல்லாமையை அதில் கடிந்துரைக்கின்றார். சென்னையில் ஆங்கிலம் வகித்த இடத்தைப் புதுவையில் பிரெஞ்சு வகித்தது. அரசு மொழி வேறாக உள்ள ஊரில் தமிழைக் கற்பித்துப் பிழைத்தவருக்கு, மொழிப்பற்று ஏட்டுக் கொள்கையாக மட்டும் இருந்திருக்க இயலாது. அவர்தம் தொழிலின் மதிப்பும் அதனோடு பிணைந்திருந்தது.

1946 சூலைத் திங்களில் அறிஞர் அண்ணா முதலியோர் முயற்சியால் சென்னையில் 25,000 ரூபாய் கொண்ட பொற்கிழி கவிஞருக்கு அளிக்கப்பெற்றது. பணியிலிருந்து அவர் ஓய்வு பெற்ற ஆண்டும் அதுவே. பின்னர்க் 'குயில்' இதழை நடத்தினார். 1954 நவம்பர் முதல் நாள் பிரெஞ்சு ஆட்சி புதுவையில் நடைமுறையில் முடிவுற்றது. 1955இல் நடந்த தேர்தலில் வென்று புதுவைப் பிரதிநிதித்துவ சபையில் கவிஞர் இடம் பெற்றார். அடுத்த தேர்தலில் அவ்வெற்றி தொடரவில்லை. புரட்சிக்கவியில் மக்களாட்சியைக் கற்பனையில் நிறுவியவர், அதன் நடைமுறையில் நெடுநாள் நிலைபெறவில்லை. தேர்தல் அரசியலின் பொறுமை அவர் இயல்புக்குப் புறம்பானது போலும். 1961இல் சென்னைக்குக் குடியேறி, 'பாண்டியன் பரிசை'த் திரைப்படமாக்க முயன்றார்; அம்முயற்சி நிறைவேறவில்லை. 1964 ஏப்பிரல் 21ஆம் நாள் சென்னையில் மறைந்தார். உடல் புதுவைக்குக் கொண்டுவரப்பட்டு, கடற்கரையை ஒட்டிய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றது.

அவர் மறைவுக்குப்பின் 1967இல் நூலாக வெளிவந்த 'பிசிராந்தையார்' என்னும் நாடகத்திற்கு 1969ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசு அளிக்கப்பெற்றது. பாட்டால் புகழ் பெற்றவருக்கு நாடகத்தின் பொருட்டுப் பரிசு வந்தமை சற்று விந்தையே. 1990இல் தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. அதன்பின் பதிப்புகள் பெருகின, விலையும் குறைந்தது. புதுவை அரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாக இன்று விழாக்களில் பாடப்படுவது அவர் பாடலே. பெருமாள் கோயில் வீதியில் அவர் வாழ்ந்த இல்லம் நினைவு இல்லமாகவும் அருங்காட்சியகமாகவும் பேணப்படுகின்றது. அவரை ஆராய விழைவோர் அவ்வில்லத்தோடு, 1930ஆம் ஆண்டின் அச்சிறு நூல்களையும் 'புதுவை முரசு' இதழ்களையும் ஒருங்கே வைத்துப் பயிலுதல் பெரிதும் பயன்படும்.